கொழும்பில் ஒரு விளக்குக் கூடும் ஒரு தட்டு மரவள்ளியும்

நான் கொழும்புக்குப் போனது ஊர் பார்க்க இல்லை. கோயில் குளமும் இல்லை, கடைத்தெருவும் இல்லை. வேலையாகப் போனேன். என் தம்பி மகள் எஸ்தர் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ரெண்டு அறை எடுத்து டிசைன் ஸ்டூடியோ வைத்திருக்கிறாள். அவள் வரைவாள், ரஃபி கம்ப்யூட்டரில் அடிப்பான், வெட்டுவது கட்டுவது ஒட்டுவது எல்லாம் நான். ஜன்னலோரம் எனக்குன்னு ஒரு மேசை. அந்த மேசையில் வேறு யாரும் டீ டம்ளர்கூட வைக்கமாட்டார்கள்.

எங்கள் வேலையில் பண்டிகை எல்லாம் முன்கூட்டியே வந்துவிடும். சித்திரை வெயிலில் தீபாவளி வரைவோம். ஆடியில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டுவோம். ஊர் கொண்டாடும்போது எங்களுக்கு அது அலுத்துப் போயிருக்கும்.

இந்த வருஷம் சித்திரையில் காந்தி ரோட்டுப் பட்டுக்கடை முதலாளி, தீபாவளிக்குக் கடையில் தொங்கவிட எஸ்தர் வரைந்து கொண்டுபோனதை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டு மூடி வைத்தார். "இன்னாமா இது, போன வருஷத்துத் தாமரையவே திருப்பி வரைஞ்சிக்கினு வந்துகீற? அதுவும் நாலு ஊரு கடைக்கு அனுப்பனதுல பாதி லாரியிலயே நசுங்கிப் போச்சி. புதுசா வேணும், ஒடையாம போயி சேரணும். இல்லன்னா மெட்ராஸ் ஆளுங்க ரெடியா இருக்கறாங்க" என்றார்.

ஸ்டூடியோவுக்குப் பெரிய வேலை என்று இருந்தது அது ஒன்றுதான். அது போனால் கதவைப் பூட்ட வேண்டியதுதான். என் தம்பி அதற்குள் பெங்களூரில் மகளுக்கு ஒரு வேலை பேசி வைத்துவிட்டான். ஆனியில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அவள் பெங்களூர் போனால் என் மேசையும் போகும். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

இலங்கையில் புத்தர் பண்டிகைக்கு வீட்டுக்கு வீடு விளக்குக் கூடு கட்டுகிறார்கள் என்று எஸ்தர் போனில் பார்த்தாள். வெசாக் கூடு என்று பெயர். "அத்த, நீயும் வா. நான் வரைஞ்சிடுவேன். கட்டறது நீ தான. நீ கண்ணால பாத்தா தான் ஆவும்" என்றாள். சரி, பார்த்துவிட்டு வருவோம் என்று கிளம்பினேன்.

வெளிநாடு என்றார்கள். இறங்கியதும் வெயில் எங்கள் ஊர் வெயில்தான், கொஞ்சம் ஈரம் கூட. பெயர்ப் பலகையில் தமிழும் இருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன், ஒரு பலகை விடாமல். எஸ்தர் பெட்டியை இழுத்துக்கொண்டு முன்னால் போய், திரும்பி வந்து, மறுபடியும் முன்னால் போனாள். எனக்கு அவசரம் இல்லை.

தங்கிய இடம் வெள்ளவத்தை. தெருக்கோடியில் ரயில் தண்டவாளம், தண்டவாளத்தை ஒட்டிக் கடல். வீட்டுக்காரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். "வாங்கோ, இருங்கோ, தேத்தண்ணி தரட்டோ?" என்று கேட்டார். பேச்சு கேட்க நன்றாக இருந்தது. தேத்தண்ணியில் பால் இல்லை, இஞ்சி இருந்தது. ராத்திரிக்குச் சிவப்பு அரிசி இடியாப்பம், தேங்காய்ப்பாலில் ஒரு மஞ்சள் குழம்பு, தேங்காய்ச் சம்பல். நம் ஊரில் தேங்காயை மைய அரைத்தால்தான் சட்னி என்பார்கள். இங்கே அரைத்ததும் அரைக்காததுமாக இடித்து வைக்கிறார்கள். நாலு இடியாப்பம் சாப்பிட்டேன். காசு கொடுத்துத் தங்கும் இடம், சாப்பிடுவதில் எனக்குக் கூச்சம் இல்லை.

மறுநாள் கூடு விற்கும் கடைத்தெருவுக்குப் போனோம். ரோட்டின் ரெண்டு பக்கமும் கூடுகள் தொங்கின. பச்சை, மஞ்சள், ரோஸ். கிட்டப் போய்த் தொட்டால் பிளாஸ்டிக். எஸ்தர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வாடியது. "அத்த, இதெல்லாம் பாரிஸ் கார்னர்லயே கெடைக்குது. இதுக்கா ஏரோப்ளேன்ல வந்தோம்?" என்றாள்.

ஆனாலும் கையைச் சும்மா வைத்திருக்கவில்லை. தென்னங்குருத்தில் பின்னிய தோரணத்தைப் படம் எடுத்தாள். மெல்லிய காகிதத்தில் வெள்ளைத் தாமரை செய்து வைத்திருந்ததை ரெண்டு வாங்கினாள். கேக் கட்டிக்கொடுத்த பெட்டியின் மடிப்பு பிடித்திருந்தது என்று பெட்டியைத் தட்டையாகப் பிரித்துப் பையில் வைத்துக்கொண்டாள். கேக்கைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தது நான்.

திரும்பி வரும்போதுதான் பஸ் கூத்து. நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸை நாலைந்து பேர் கொடியை ஆட்டி நடுரோட்டில் நிறுத்திவிட்டார்கள். ஏதோ சண்டை என்றுதான் நினைத்தேன். சண்டை இல்லை, ஐஸ்கிரீம். பண்டிகைக்கு இப்படித் தெருவில் பந்தல் போட்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சும்மா கொடுக்கிறார்கள். தன்சல் என்று பெயர். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் இறங்கினார்கள். கண்டக்டர் இறங்கினார். பிறகு டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டு அவரும் இறங்கினார்.

"அத்த, எறங்கு. டிரைவரே போயிட்டாரு" என்றாள் எஸ்தர்.

"நீ போ. நான் பஸ்ஸப் பாத்துக்கறேன்."

"பஸ்ஸ யாரு தூக்கிக்கினு போவப் போறாங்க?"

நான் அசையவில்லை. அவ்வளவு பெரிய பஸ்ஸில் நான் ஒருத்தி உட்கார்ந்திருந்தேன். பின்னால் நின்ற வண்டிக்காரர்களும் ஆரன் அடிக்கவில்லை, அவர்களும் வரிசையில் நின்றார்கள். டிரைவர் திரும்பி வரும்போது எனக்கும் ஒரு கப் கொண்டுவந்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவர் சிங்களத்தில் ஏதோ கேட்டார். பின்சீட்டுக்குத் திரும்பி வந்திருந்த பெண் தமிழில், "அம்மாவுக்குச் சுகமில்லையா எண்டு கேக்கிறார்" என்றாள். நல்ல சுகமாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் கப்பை எனக்கு எதிரே இஞ்சின் மூடிமேல் வைத்துவிட்டு வண்டியை எடுத்தார். நாங்கள் இறங்கும்போது அது பாலாகிவிட்டிருந்தது.

"ஒனக்கு வீம்பு அத்த" என்றாள் எஸ்தர். வீம்புதான். இல்லை என்று நான் சொல்லவில்லை.

என் அம்மா தென்னேரி ஏரிக்குக் கீழே அடுத்தவர் நிலத்தில் அறுப்பு அறுத்தவள். அறுப்பு முடிந்த அன்றைக்கு நிலத்துக்காரர் வீட்டுப் பின்பக்கம் எல்லாரையும் நிற்கவைத்து, உயரத்திலிருந்து கூழ் ஊற்றுவார்கள். பாத்திரம் கையில் படக்கூடாது. குனிந்து ரெண்டு கையையும் சேர்த்து வாங்க வேண்டும். பாதி மண்ணில் போகும். அதைப் பார்த்த வயதிலிருந்து சும்மா தருவது எதற்கும் நான் கை நீட்டியதில்லை. வைகாசியில் கருட சேவை அன்று காஞ்சிபுரத்தில் தெருவுக்குத் தெரு பந்தல் போட்டு மோரும் புளிசோறும் கொடுப்பார்கள். அந்தக் கூட்டத்தில் வேர்க்கடலை விற்றவள் நான். வீட்டிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுபோவேன். ஒரு வாய் மோர் குடித்ததில்லை.

மூன்றாம் நாள் கம்பஹா பக்கம் ஒரு கிராமத்துக்கு ரயில் ஏறினோம். எஸ்தருக்குப் போனில் பழக்கமான மல்லிகா என்று ஒரு பெண், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். அவள் சந்தில் வருஷா வருஷம் ஆள் உயரத்துக்குக் கூடு கட்டுகிறார்களாம், மூங்கிலும் காகிதமும் மட்டும். அந்தப் பெரிய கூட்டைக் குடை மாதிரி மடக்கி வைப்பார்கள் என்று எஸ்தர் போனில் பார்த்திருந்தாள். எப்படி மடங்குகிறது என்பது மட்டும் அதில் தெரியவில்லை. "அது மட்டும் புரிஞ்சிட்டா போதும் அத்த. லாரில தட்டையா போட்டு நாலு ஊருக்கும் அனுப்பிடலாம்" என்றாள். அவளுக்கு மிச்சமிருந்தது இந்த ஒரு கூடுதான்.

ரயிலில் கூட்டம். எங்கள் ஸ்டேஷன் வந்தது. கதவை நோக்கி நான் ரெண்டடி வைப்பதற்குள் ஏறுகிற கூட்டம் என்னைத் திரும்பவும் உள்ளே கொண்டுபோய்விட்டது. அடுத்த ஸ்டேஷனில்தான் இறங்கினோம். மழை பிடித்துக்கொண்டது. ஆட்டோவில் திரும்பினோம். மழைத்திரையை இழுத்துவிட்டதால் இலங்கையின் அந்தப் பாகத்தை நான் பார்க்கவில்லை.

மல்லிகாவுக்கு நாற்பது வயது இருக்கும். எங்கள் தெருவிலும் ரெண்டு மல்லிகா உண்டு, ரெண்டும் வாயாடி. இவளும் அப்படித்தான். சந்தையில் பழகிய தமிழில் சத்தமாகப் பேசினாள். சந்து முனையிலேயே தன்சல் பந்தல். பெரிய அண்டாவில் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

"அம்மா, முதல்ல சாப்பாடு. பிறகு கூடு. இண்டைக்கு இங்க சாப்பிடாம ஒருத்தரும் உள்ள போறதில்ல" என்றாள்.

எனக்கு வாயில் வந்தது ஒன்றுதான். "நான் இன்னிக்கு விரதம்மா."

அவள் முகம் மாறிவிட்டது. குடையைக் கீழே போட்டாள். கைகூப்பிக் குனிந்து கும்பிட்டாள். வெள்ளைச் சேலை கட்டிய ரெண்டு பெண்களைக் கூப்பிட்டு என்னவோ சொன்னாள். அவர்களும் கும்பிட்டார்கள். அந்தப் பண்டிகை நாளில் விரதம் இருப்பதைச் சில் எடுப்பது என்கிறார்கள். மத்தியானத்துக்கு மேல் சாப்பாடு கிடையாது. நாள் முழுக்க வெள்ளை உடுத்திக் கோயில் கூடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். இது எனக்குத் தெரியாது. அன்றைக்குப் பார்த்து நான் வெள்ளையில் சின்னக் கட்டம் போட்ட சேலை கட்டியிருந்தேன்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்து என்னைக் கூடத்துக்குக் கூட்டிப்போனார்கள். "அத்த, நீ எப்போ..." என்று எஸ்தர் ஆரம்பித்தாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். வாயை மூடிக்கொண்டாள்.

கூடத்தில் பாய் விரித்து உட்காரவைத்தார்கள். ஒருத்தி விசிறினாள். மைக்கில் சாமியார் ஒருவர் பேசிக்கொண்டே இருந்தார், எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கினார். எங்கள் சபையிலும் பிரசங்கத்துக்குச் சிலர் அப்படித்தான். நடுவில் ஒரு டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர் வந்தது. அது விரதக்காரர்களுக்கான மரியாதை என்று குடித்தேன். காலையில் ரயிலுக்காகச் சாப்பிடாமல் வந்திருந்தேன். வெந்த கிழங்கு வாசனை ஜன்னல் வழியாக வந்தது.

கொஞ்ச நேரத்தில் எஸ்தர் ஜன்னலில் தலையை நீட்டினாள். "அத்த, பேப்பர் ஒட்ட ஆரம்பிச்சிட்டாங்க. பாதி மூடிட்டாங்க. மூட்டு எப்பிடி மடியுதுன்னு எனக்குப் புரியவே இல்ல. போட்டோல ஒரே கறுப்பா தெரியுது. அவங்க காட்டறாங்க, எனக்குக் கை வேல பாஷை தெரியல. நீ வந்து தொட்டுப் பாரேன்."

எழுந்தேன். விசிறிக்கொண்டிருந்தவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மல்லிகா ஓடிவந்தாள்.

"ஐயோ அம்மா, சில் எடுத்த ஆக்கள் அலங்காரம் பாக்கக் கூடாது. பாட்டு கேக்கக் கூடாது. உங்களுக்கும் பாவம், கூட்டிப் போன எனக்கும் பாவம்."

"சும்மா எட்டிப் பாத்துட்டு வரேன்மா."

"பாக்க ஏலாது. சில்ல விட்டா பாக்கலாம். சாப்பிட்டா விட்டது மாதிரி."

விரதம் பொய் என்று சொல்லியிருக்கலாம். அத்தனை வெள்ளைச் சேலைக்கு நடுவில், விசிறிய கை இன்னும் என் கையைப் பிடித்திருக்கும்போது, அதைச் சொல்ல எனக்கு வரவில்லை. சொல்லியிருந்தாலும் சாப்பிட்டுவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

எஸ்தர் ஜன்னலுக்கு வெளியே மழையில் நின்றாள். பெங்களூர் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கெஞ்சவும் இல்லை. கெஞ்சியிருந்தால் நான் அந்தப் பாயிலேயே உட்கார்ந்திருப்பேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மட்டும் இருந்தாள்.

"சரி. வரிசை எங்க?" என்றேன்.

வரிசை சந்து முனையைத் தாண்டி ரோடு வரைக்கும் இருந்தது. எனக்கு முன்னால் ஒருவர் விரலில் கார் சாவியை மாட்டிச் சுற்றிக்கொண்டு நின்றார். அவர் காரும் கொஞ்சம் தள்ளி நின்றது. வரிசை மெல்ல நகர்ந்தது.

பந்தலில் தட்டு கொடுத்தவர் தடித்த ஆள், கையில் தங்கக் கடிகாரம். பக்கத்து ஊரில் பெரிய இரும்புக்கடை முதலாளி என்று பிறகு மல்லிகா சொன்னாள். என் முறை வந்தது. கை வரவில்லை. ரெண்டு கையும் சேலைக்குள் இருந்தது. அவர் தட்டை ரெண்டு கையாலும் பிடித்து, தலையைக் குனிந்து, நீட்டியபடி நின்றார். நான் வாங்கவில்லை. அவர் நிமிரவும் இல்லை. பின்னால் வரிசை நின்றது. யாரும் தள்ளவில்லை. அவருடைய வழுக்கைத் தலையில் பந்தல் ஓட்டையிலிருந்து மழை சொட்டியது. துடைக்கக் கையில்லை, ரெண்டு கையிலும் என் தட்டு.

குனிய வேண்டியது வாங்குகிறவள் என்றுதான் எனக்குத் தெரியும். இங்கே கொடுக்கிறவன் குனிந்து நின்றான்.

வாங்கிக்கொண்டேன்.

ஓரமாக நின்று சாப்பிட்டேன். கிழங்கு பஞ்சு மாதிரி வெந்திருந்தது. மேலே தேங்காய்த்துருவல், பக்கத்தில் மிளகாய்ச் சம்பல். அந்த முதலாளி அடுத்த ஆளிடம் தட்டைக் கொடுக்கச் சொல்லிவிட்டு என் பக்கம் வந்து என்னவோ கேட்டார்.

"ருசியா எண்டு கேக்கிறார்" என்றாள் மல்லிகா.

"உப்பு கம்மி" என்றேன்.

"அத்த!" என்று எஸ்தர் தலையில் அடித்துக்கொண்டாள். எங்கள் ஊராக இருந்தால் துடைப்பம் பறந்திருக்கும். மல்லிகா சிரித்துக்கொண்டே அதைச் சிங்களத்தில் சொன்னாள். அந்த ஆள் கடிகாரக் கையோடு அண்டாவுக்கு ஓடினார், ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டார், நெற்றியில் தட்டிக்கொண்டு உப்புப் பையைப் பிரித்தார். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்துக் கும்பிட்டுச் சிரித்தார்கள். ரெண்டாவது தட்டும் கொண்டுவந்து கொடுத்தார். அதில் உப்பு சரியாக இருந்தது.

கை கழுவிவிட்டுக் கூடு கட்டும் கொட்டகைக்குப் போனேன். இப்போது யாரும் தடுக்கவில்லை. முக்கால்வாசி ஒட்டிவிட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் எலும்பு தெரிந்தது. உள்ளே கையை விட்டுத் தடவினேன். மூங்கில் குச்சி குச்சியைச் சேரும் இடத்தில் நூல் இல்லை, கம்பி இல்லை. மெத்தென்று இருந்தது. இழுத்தால் வந்தது, விட்டால் பழைய இடத்துக்குப் போனது. மல்லிகா ஒட்டாத சின்னக் கூடு ஒன்றை எடுத்து என் கையில் வைத்து அழுத்தினாள். அது பாய் மாதிரி தட்டையானது. கையை எடுத்தேன், எட்டு மூலையும் நிமிர்ந்து நின்றது.

"எஸ்தரு, இங்க வா. இது இன்னான்னு பாரு."

அவள் போன் வெளிச்சத்தை அடித்துப் பார்த்தாள். மூக்கை வைத்து முகர்ந்து பார்த்தாள். "அத்த, இது சைக்கிள் ட்யூபு!" என்றாள்.

பழைய ட்யூபைப் பட்டை பட்டையாக வெட்டிச் சுற்றியிருந்தார்கள். எங்கள் ஸ்டூடியோ மாடிப்படிக்குக் கீழே அது குவியலாகக் கிடக்கிறது. தினமும் அதைத் தாண்டித்தான் மேலே ஏறுகிறோம். எஸ்தர் கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தாள். என்ன விஷயம் என்று சொன்னதும் மல்லிகா இன்னும் சத்தமாகச் சிரித்தாள். நான் ட்யூபை எத்தனை சுற்று, எந்தப் பக்கம் முடிச்சு என்று பார்த்து, நானே ஒரு மூட்டு கட்டி, பிரித்து, மறுபடி கட்டிக்கொண்டேன்.

இருட்டியதும் கூட்டுக்குள் விளக்கு வைத்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. அடியில் தொங்கிய காகித வால் மழையில் ஊறிச் சுருண்டுவிட்டது. நாம் கட்டும்போது அந்த வாலுக்குப் பதில் நம் ஊர்த் தறியில் மிஞ்சுகிற பட்டு நூலில் குஞ்சம் கட்டித் தொங்கவிட வேண்டும் என்று எஸ்தரிடம் சொன்னேன். அவள் அதை அப்போதே வரைந்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பியபோது எங்கள் தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மூன்று தரம் கட்டினேன். முதல் ரெண்டும் கோணல். மூன்றாவதை எஸ்தர் மடக்கி, துணிக்கடைப் பையில் போட்டு, பட்டுக்கடைக்கு எடுத்துப் போனாள். நானும் போனேன். முதலாளி பையைப் பார்த்து, "இன்னாமா, புடவ மாத்த வந்தியா?" என்றார். அவள் கூட்டை எடுத்து அவருடைய மேசைமேல் விட்டாள். அது எழுந்து நின்றது. குஞ்சம் ஆடியது.

அவர் அதை அழுத்தினார். விட்டார். மறுபடி அழுத்தினார். கடைக்கு வந்த ரெண்டு மூன்று பேர் புடவையை விட்டுவிட்டு இதைப் பார்த்தார்கள். "ஒடையாதா?" என்று கேட்டார். "நீங்களே ஒடச்சிப் பாருங்க சார்" என்றாள் எஸ்தர். அன்றைக்குச் சாயந்திரம் என் தம்பிக்குப் போன் போட்டு, பெங்களூருக்கு ஆள் வராது என்று சொல்லச் சொன்னாள். தம்பி என்னிடம், "நீ தான் அக்கா அவளக் கெடுக்கற" என்றான். நான் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக்கு முன்னால் நாலு ஊர்க் கடையிலும் கூடு ஏறிவிட்டது. ஒன்றுகூட லாரியில் நசுங்கவில்லை. காந்தி ரோட்டுக் கடையில் விளக்கைப் போட்ட அன்று வேலை செய்த எல்லாரையும் முதலாளி கூப்பிட்டு ஸ்வீட் பெட்டி கொடுத்தார். அவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் போனை வைத்து யாருடனோ பேசிக்கொண்டே, மறு கையால் பெட்டியை எடுத்து எடுத்து நீட்டினார். எஸ்தர் வாங்கினாள், ரஃபி வாங்கினான். என் முறை வந்தது. பெட்டி என் முன்னால் நின்றது.

நான் கை நீட்டவில்லை. கோபமெல்லாம் இல்லை. சும்மா நின்றேன்.

"வாங்கிக்க அத்த" என்று எஸ்தர் மெதுவாகச் சொன்னாள். பின்னால் வரிசை நின்றது. அவர் பெட்டியை ஒரு தரம் ஆட்டிக் காட்டினார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்பறம் கூப்புடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை மேசைமேல் வைத்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். இன்னொரு கையும் பெட்டிக்கு வந்தது.

வாங்கிக்கொண்டேன். உள்ளே பாதுஷா. நன்றாகத்தான் இருந்தது. நெய் கொஞ்சம் கம்மி.